தங்கைக்குரிய ரொக்கம்

செட்டில்மென்ட் பத்திரம் எதை எடுத்து வாசித்தாலும், நான்கெல்லையும் சர்வே எண்ணும் அணுவும் பிசகாமல் எழுதப்பட்டிருக்க, வீட்டைப் பெறும் மகன் தன் தங்கைக்குக் கொடுக்க வேண்டிய ரொக்கம் மட்டும், கெடுவுமின்றிப் பிணையுமின்றி, ஒற்றை வரியாய் ஒதுங்கிக் கிடப்பதைக் காணலாம். தகப்பனார் காலமான பின்னர் அந்த வரிக்கு அர்த்தம் காண்பது நியாயஸ்தலத்தின் வேலையாகிறது.

நீதிபதிகள் பத்திரத்தை முழுமையாக வாசித்து, எழுதியவரின் சித்தம் யாதென்று தேடுவர். வீடு அன்றே சர்வ பாத்தியமாக மகனைச் சேர்ந்துவிட்டதெனில், பணம் கொடாவிட்டால் பத்திரம் ரத்தாகும் என்று வெளிப்படையாக எழுதியிருந்தாலன்றி, கொடாமை ஒன்றையே காரணமாக்கி வீட்டைத் திரும்பப் பறிக்க அவர்கள் சாமானியமாக இசைவதில்லை. தங்கை வழக்கிட்டு வசூலிக்கலாம், அவ்வளவே. ஒவ்வொரு ரொக்கத்தையும் நிபந்தனையாக்கினால் சொத்துரிமையே ஸ்திரமற்றுப் போகும் என்பார் வக்கீல்கள், அதிலும் நியாயமுண்டு.

ஆனால் தங்கையைப்போல், பத்திரத்தில் கட்சிக்காரராக இல்லாதவர் வழக்கிடலாமா? 1880-களின் தொடக்கத்தில், தாயாரிடம் சொத்தைத் தானமாகப் பெற்ற மகளொருத்தி, தாயின் உடன்பிறந்தாருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் கொடுப்பதாகத் தனியே எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர், "உங்களிடமிருந்து எனக்குப் பிரதிபிரயோஜனம் ஏதும் வரவில்லையே" என்று வாதாட, அவ்வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 1910-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த வழக்கோ இன்னும் ரசமானது: மருமகளின் தாம்பூலச் செலவுக்கென்று மாதம் 500 ரூபாய் தருவதாக 1877-இல் எழுதிக் கொடுத்த மாமனார், அவள் கணவன் வீட்டைவிட்டு நீங்கியதும் நிறுத்திவிட்டார்; அவ்வளவு ரூபாய்க்கு எத்தனை கவுளி வெற்றிலை வாங்கலாம் என்று நான் கணக்கிடத் துணியவில்லை. அவள் உடன்படிக்கையில் சேராதவளாயினும், தொகை குறிப்பிட்ட சொத்துக்களின்மீது பொறுப்பாக்கப்பட்டிருந்தமையால், ஜயித்தாள்.

அந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லைத்தான் நம் பத்திரங்கள் மறந்துவிடுகின்றன. பொறுப்பு இருந்தால், அதாவது சொத்தே அத்தொகைக்கு ஈடாக நின்றால், பணம் கொடுபடவேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுவரை சொத்தைத் தொடரலாம். வெறும் சொந்தக் கடமையெனில் சாதாரணமாக மூன்றே ஆண்டு. எழுத்தில் கெடுத்தேதி இருந்தால் 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி அன்று முதல் வட்டி கேட்கலாம். இல்லையேல் நோட்டீஸ் கொடுத்த பிறகே.

ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. உடன்படிக்கையால் நிர்ணயித்த ஜீவனாம்சத்தைக்கூட, சந்தர்ப்பங்கள் மாறினால் மாற்றியமைக்க 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மூத்த குடிமக்களுக்கென 2007-இல் வந்த சட்டமோ, பராமரிப்பு நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்த பெற்றோருக்குத் துணை நிற்கிறது. தங்கையின் ஒரே தடவை ரொக்கத்துக்கு இவ்விரண்டு நிழலும் இல்லை. தகப்பனார் எழுதிய நாளில் அரை வீட்டுக்கு ஈடாயிருந்த பத்தாயிரம் ரூபாய், அவள் கேட்கப்போகும் நாளில் ஒரு மாத வாடகைக்கும் போதாததாய்ச் சுருங்கியிருக்கும். அண்ணன் வீட்டை விற்றுவிட்டாலும், பொறுப்பு எழுதிய பத்திரமாயின், அது பதிவாகியிருப்பதால், வாங்கியவர் தமக்குத் தெரியாதென்று தப்புவது கடினம். அவரிடத்திலும் அவள் வசூலிக்கக்கூடியது, மனையின் அன்றைய விலை யாதாயினும், அதே பத்தாயிரமும் கோர்ட்டு கொடுக்கும் வட்டியுந்தான்.