ஆட்டின் கண்ணிமையைத் திறந்து பாருங்கள்

நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக் என்றதும் நிப்பா வைரஸ் நோய்தான் நினைவுக்கு வரும். 1998, 1999இல் அந்த நோயால் நாடு முழுவதும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகளை அழித்தார்கள். கால்நடைக்கு வரும் நோயை அலட்சியப்படுத்தக் கூடாது என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் தோட்டத்தில் நாலைந்து ஆடு வைத்திருக்கும் குடும்பங்களில், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே மேய்ஞ்சுச்சு" என்ற புலம்பல் இன்னும் நிற்கவில்லை. அப்படிச் சாகும் ஆடுகளில் பலவற்றைக் கொல்வது இரைப்பைப் புழு.

இரைப்பைக்குள் இருப்பது

ஆட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். நான்காவதைக் கிழித்துப் பார்த்தால், சுவரில் தலைமுடி கனத்தில் புழுக்கள் நெளியும். பெண் புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் இருக்கும். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி தெரியும். சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் சினைப்பை. ஹீமோங்கஸ் என்பது இதன் பெயர். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். கேட்க அற்பமாக இருக்கும். 5,000 புழு சேர்ந்தால் 250 மில்லி, ஒரு பெரிய குவளை. ஒரு சின்ன ஆடு எத்தனை நாள் தாங்கும்?

கழிச்சலே இல்லையே!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வயிற்றில் பூச்சி என்றால் கழிய வேண்டும் என்று காத்திருக்கிறோம். இந்தப் புழுவுக்குப் பெரும்பாலும் கழிச்சல் வராது, புழுக்கை உருண்டையாகவே விழும். ஆடு மந்தைக்குப் பின்னால் தங்கும், மூச்சு வாங்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்து, தொட்டால் பிசைந்த மாவு போல அமுங்கும்.

அதுவரை விடாதீர்கள். ஆட்டை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, மேல் இமையால் கண்ணை மூடி மெதுவாக அழுத்துங்கள். கட்டைவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். உள்தோல் நல்ல சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. வெளிறிய ரோஜா நிறம் எச்சரிக்கை. வெள்ளையாகிவிட்டால் அன்றைக்கே மருந்து வேண்டும். தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் இதைச் சிவப்பு முதல் வெள்ளை வரை ஐந்து நிறப் படிகளாக்கி, ஃபமாச்சா என்ற அட்டையாகவே கொடுத்தார்கள். வெள்ளாட்டுக்கு மூன்றாம் படியிலேயே மருந்து கொடுப்பது நல்லது. உண்ணியாலும் ஈரல் தட்டைப்புழுவாலும்கூட இமை வெளுக்கும் என்பதால், சாணப் பரிசோதனையும் தேவை.

மாட்டுக்கு

வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும்; கன்றுகள்தான் மெலிந்து, மயிர் சிலிர்த்து நிற்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மேயும் மாட்டுக்கு நத்தை வழியாக வேறொரு தட்டைப்புழு வரும். நாற்றத்தோடு நீராய்க் கழிவது அதன் அடையாளம்.

செம்பனைக் காட்டின் ஈரம்

நம் ஊர் வெப்பமும் மழையும் இந்தப் புழுவுக்குச் சொர்க்கம். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். புழுக்கையோடு விழும் முட்டை ஒரு வாரத்துக்குள் பொரித்து, புல்லில் ஏறக் காத்திருக்கும். பனி காய்ந்த பிறகே ஆட்டை அவிழ்த்து விடுங்கள். ஓர் இடத்தில் மூன்று நான்கு நாள் மேய்ந்ததும் மாற்றிக் கட்டி, ஐந்து வாரம் கழித்துத் திரும்புங்கள். அதற்குள் அங்கிருக்கும் குஞ்சுப் புழுக்களில் பெரும்பாலானவை செத்துவிடும். புல் அறுப்பவர்கள் அடியோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுக்கலாம். பரண் கொட்டகையும், புல்லுக்குப் பதில் மரத்தழையும் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

மருந்து ஏன் தோற்கிறது?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லா ஆட்டுக்கும், கண்ணளவில், ஒரே பாட்டில். எடைக்குக் குறைவாகக் கொடுத்தால் சாகாத புழு பிழைத்து, மருந்தையே வென்ற சந்ததியைப் பெருக்கும். சபாவில் அரசு ஆட்டுப் பண்ணைகளிலேயே, கையிலிருந்த மருந்து வகைகள் எல்லாம் தோற்றுப்போனதை 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதனால் இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும், எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது. சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது.

மருந்து கொடுத்த நாளிலும், இரண்டு வாரம் கழித்தும், தரையில் விழாத புதுப் புழுக்கையைப் பையில் கட்டிக் குளிர்ச்சியாக வைத்து மாவட்டக் கால்நடை இலாகாவில் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை குறையவில்லை என்றால், அந்தப் பாட்டிலை மறுபடியும் வாங்காதீர்கள்.