15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியிலும் தமிழ் உண்டு

சிரம்பானை அடுத்த சுங்கை காடுட்டில், தோட்டத்துப் பிள்ளையானாலும் தாமான் பிள்ளையானாலும், ஆறாம் ஆண்டுக்குப் பின் செல்வது பெரும்பாலும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான். தமிழைப் போதனா மொழியாகக் கொண்ட அரசாங்க இடைநிலைப்பள்ளி நம் நாட்டில் இல்லை. ஆகவே பலருக்குத் தமிழ்க் கல்வி 12 வயதோடு நின்றுவிடுகிறது.

அப்படி நிற்க வேண்டியதில்லை. ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அங்கே தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம். இது இடைநிலைப்பள்ளிக்கும் பொருந்தும்.

சிக்கல் எண்ணிக்கையில்தான். ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பல இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். ‘யாராவது கேட்பார்கள்’ என்று எல்லாரும் இருந்துவிட்டால் 15 சேராது.

ஆகவே முதலாம் படிவப் பதிவின்போதே பெற்றோர் ஒன்றுகூடிப் பேசுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பத்துடன் பள்ளி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் கேளுங்கள். வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பிறகு என்றால், தோட்டத்துப் பிள்ளைகள் வீடு திரும்பும் வண்டிக்கும் அப்போதே வழி தேடுங்கள்.

எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டும் பாடங்களாக உள்ளன. அதற்கான அடித்தளம் முதலாம் படிவத்திலேயே தொடங்குகிறது.