ஐந்து மாதப் பூனைக்குட்டி தாயாகலாமா?

உங்கள் வீட்டில் பெண் பூனைக்குட்டி இருக்கிறதா? அதன் வயதை மாதக் கணக்கில் உங்களால் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் இன்றே வீட்டில் கேட்டு ஒரு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அது ஐந்தாவது மாதத்தை நெருங்குகிறது என்றால் உடனே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பெரும்பாலான பெண் பூனைகள் 5 முதல் 9 மாதத்திற்குள் பருவமடைகின்றன. நான்காவது மாதத்திலேயே பருவத்துக்கு வரும் குட்டிகளும் உண்டு. வயதோடு எடையும் இதில் சேர்ந்துகொள்கிறது. உடல் எடை ஏறத்தாழ இரண்டரை கிலோவைத் தொடும்போது பல பூனைகள் தயாராகிவிடுகின்றன. சயாமியப் பூனைகள் முந்திக்கொள்ளும். பஞ்சுபோல் முடி உள்ள பெர்சியப் பூனைகள் ஒரு வயதைத் தாண்டியும் காத்திருக்கும்.

பருவத்துக்கு வந்த பூனை இரவெல்லாம் குழந்தை அழுவதுபோல் கத்தும். தரையில் உருளும். நாற்காலிக் கால், உங்கள் கால் என்று எதையும் விடாமல் உரசும். முதுகைத் தடவினால் பின்பக்கத்தை உயர்த்தி வாலை ஒதுக்கும். நாய்க்கு இருப்பதுபோன்ற இரத்தக் கசிவு பூனைக்குப் பொதுவாகத் தென்படாது. அதனால்தான், "பூனைக்கு வயிற்றுவலியா, டீச்சர்?" என்று வகுப்பில் கேட்பார்கள். வலி என்று நினைத்துப் பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள பாராசிட்டமால் பூனையைக் கொல்லக்கூடிய நஞ்சு.

பூனை எந்த மாதங்களில் பருவத்துக்கு வரும் என்பது அது வாழும் இடத்தையும் பொறுத்தது. பூனையின் உடல் பகல் வெளிச்சத்தை அளந்து பார்க்கிறது. கண்ணுக்குள் விழும் ஒளி குறைந்தால், மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி மெலடோனின் என்ற இயக்குநீரை அதிக நேரம் சுரக்கும். அது இனப்பெருக்க இயக்குநீர்களை அடக்கி வைக்கும். இலண்டனில் டிசம்பர் மாதப் பகல் சுமார் 8 மணி நேரம்தான். ஜூனில் 16 மணி நேரத்துக்கும் மேல். எனவே அங்கே வெளியில் திரியும் பூனைகளுக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலம்.

நம் சிம்பாங் ரெங்கமோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு 12, 13 நிமிடம்தான். ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம்! நம் ஊர்ப் பூனையின் உடலுக்கு "இப்போது வேண்டாம்" என்று சொல்ல ஒரு குளிர்காலமே இல்லை. கோப்பிக் கடை மேசைக்கடியில் எந்த மாதமும் குட்டிகளைப் பார்க்கிறோமே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படிவம் 1-இல் மனித இனப்பெருக்கம் படித்தீர்கள். மனிதரில் கருமுட்டை சுழற்சிப்படி தானாக வெளியேறும். பூனையில் அப்படியில்லை. ஆண் பூனையுடன் சேர்ந்த பிறகே நரம்புச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இயக்குநீரைக் கொட்டுகிறது. ஓரிரு நாளில் முட்டைகள் வெளியேறுகின்றன. முயலுக்கும் இதே முறைதான். இதனால் முட்டை வீணாவதில்லை, சினை பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருப்பதும் நடக்கக்கூடியதே. இணை சேராத பூனை ஒரு வாரம்போல் கத்தி அடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். கதவைச் சாத்தி வைத்தால் சரியாகிவிடும் என்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சரி, சினை பிடிக்க முடிகிறது என்பதாலேயே அது தாயாகத் தயாரா? அதன் வாயைத் திறந்து பாருங்கள். பூனைக்கு நிரந்தரப் பற்கள் முழுதாக முளைக்க ஆறு மாதம்போல் ஆகும். அதாவது, பால் பல் விழுந்து முடியாத குட்டியே கருத்தரிக்கக்கூடும்! கால் எலும்புகளின் முனையிலுள்ள வளர்தட்டுகள் எல்லாம் மூட ஒரு வருடத்துக்கு மேலாகலாம். தன் எலும்புக்கே சுண்ணாம்புச் சத்து தேவைப்படும் வயதில், ஒன்பது வாரம் மூன்று நான்கு குட்டிகளைச் சுமந்து, பிறகு பாலும் கொடுக்க வேண்டும். பிரசவம் சிக்கலாகலாம், குட்டிகளைக் கவனிக்காமல் விட்டுவிடவும் கூடும். அதனால்தான் முறையாக இனவிருத்தி செய்பவர்கள் குறைந்தது ஒரு வயது முடியும்வரை பொறுப்பார்கள். தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கி, எடையையும் பார்த்த பின்பே இணை சேர்ப்பார்கள்.

குட்டிகள் வேண்டாம் என்றால் கருத்தடை அறுவை செய்யலாம். முதல் பருவம் வருமுன், நான்கு ஐந்து மாதத்திலேயே இதைச் செய்யலாம் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். "ஒரு முறையாவது குட்டி போடட்டும், அப்போதுதான் உடம்புக்கு நல்லது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. சீக்கிரம் அறுவை செய்த பூனைக்குப் பால்மடிப் புற்றுநோய் வரும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்பதே உண்மை.

ஆண் குட்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆறு முதல் ஒன்பது மாதத்திற்குள் பருவமடைந்துவிடும். அண்ணன், தங்கை என்ற உறவெல்லாம் பூனைக்குக் கிடையாது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை வளர்ப்பவர்கள் கதவைச் சாத்தினாலும் பயனில்லை, இரண்டும் உள்ளேதானே இருக்கின்றன!