வானம் பார்ப்பவர்கள் – 17: ரேடாருக்குக் கீழே ஒரு தூறல்

தாய்லாந்து வளைகுடாவில் பிறந்து வங்கக் கடலுக்கு வரும் தாழ்வுகளைப் பற்றியும், யூரோ வானிலை மாடலின் இரவுப் படத்துக்காக நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பவர்களைப் பற்றியும் எழுதியாயிற்று. முன்கதை அவ்வளவு போதும். இந்த வாரம் குளிர் என்று சொல்லியிருந்தேன். எழுத உட்காரும் முன் ஒரு கணக்கு குறுக்கே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும், என்னால் அந்தக் கணக்கை விட்டு நகர முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிகாலை. பொன்னமராவதி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் டீ வாங்கிக்கொண்டு நிற்கிறேன். நூல் இழுத்ததுபோல் சன்னமான தூறல், ஒரு மணி நேரமாக விடவே இல்லை. பிரான்மலை இருக்கும் திசையில் வெறும் சாம்பல் நிறம். கைப்பேசியில் காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்தால் எங்கள் ஊர் மேல் ஒரு புள்ளி நிறம்கூட இல்லை. கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, படத்துல மழையே காணோம்?"

"காட்டலைண்ணே."

"என் தோள்ல இருக்கிற துண்டு நனைஞ்சிருக்கே. இதை எந்த மெசினு பாக்கும்?"

சரியான கேள்வி. வீட்டுக்கு வந்து தாளும் பென்சிலும் எடுத்தேன்.

காரைக்காலிலிருந்து பொன்னமராவதிக்கு நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். ரேடார் தன் கதிரைத் தரையோடு தரையாக அனுப்புவதில்லை. கட்டடமும் மரமும் மறிக்கும் என்பதால் சற்று தூக்கித்தான் அனுப்பும். அரை டிகிரி தூக்கினால் 160 கிலோமீட்டர் போவதற்குள் கதிர் 1.4 கிலோமீட்டர் ஏறிவிடும். அது பாதிக் கணக்குதான். பூமி உருண்டை அல்லவா? கதிர் போகப் போகத் தரை அதன் அடியில் வளைந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றின் அடர்த்தி உயரத்தோடு குறைவதால் கதிரும் லேசாகக் கீழ்நோக்கி வளையும். அந்தச் சலுகையைக் கழித்த பிறகும் இன்னொரு ஒன்றரை கிலோமீட்டர் கூடுகிறது. ஆக, எங்கள் அமரகண்டான் ஊரணிக்கு மேலே வரும்போது கதிரின் நடுப்பகுதி ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கதிர் டார்ச் வெளிச்சம்போல விரிந்துகொண்டே வருவது. ஒரு டிகிரி அகலக் கதிர் இந்தத் தூரத்தில் 2.8 கிலோமீட்டர் தடிமன் ஆகிவிடும். அதன் அடிவிளிம்புகூட ஒன்றரை கிலோமீட்டருக்குக் கீழே வராது. பிரான்மலை உச்சியில் ஏறி நின்று கை நீட்டினாலும் எட்டாது.

இதைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை. ரேடார் படித்தவர்களுக்குப் பாலபாடம். ஆனால் பத்து வருடமாக அந்தப் படத்தைப் பார்த்து வருகிறவன் என் ஊர் மேல் அது எவ்வளவு உயரத்தில் போகிறது என்று ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை. போட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் இத்தனை நாள் பொன்னமராவதியின் மழை என்று பார்த்தது, பொன்னமராவதிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலே இருந்த மழை.

பெரும் புயல் என்றால் இது குறையே இல்லை. 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி, 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. வரைபடத்தில் வேதாரண்யத்திலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்தால் அது கிட்டத்தட்ட எங்கள் ஊர் மேல்தான் போகும். 140 கிலோமீட்டர் தூரம். அந்தப் புயலின் மேகங்கள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எழும்பி நிற்பவை, ரேடார் கண்ணுக்குத் தப்ப முடியாது. கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கத்துத் தென்னையும் பலாவும் அன்று போன போக்கை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் ஐப்பசியில் பாதி நாள் எங்களுக்குக் கிடைப்பது கஜா மழை இல்லை. கடல் பக்கமிருந்து கொண்டல் தள்ளிக்கொண்டு வரும் தாழ்வான மேகம், அதிலிருந்து மூன்று மணி நேரம் நின்று பெய்யும் தூறல். அந்த மேகத்தின் உச்சியே கதிருக்கு அடியில் முடிந்துவிடலாம். அந்த மழை நடந்ததற்குத் தரையில் இருப்பவர்தான் சாட்சி.

சாட்சி சொல்ல என்ன வேண்டும்? வாய் வட்டமான ஒரு புனல், ஒரு பாட்டில். புனல் வாயின் குறுக்களவு 11.3 சென்டிமீட்டர் இருந்தால் அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதில் விழும் ஒரு மில்லிமீட்டர் மழை சரியாக 10 மில்லி லிட்டர் தண்ணீர். இருமல் டானிக் பாட்டிலோடு வரும் மூடியில் 10 என்று கோடு போட்டிருக்கிறதே, ஒரு மூடி தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் மழை. எங்கள் மொட்டை மாடியில் ஒன்பது வருடமாக அந்த மூடிதான் அளக்கிறது. வானிலைத் துறையின் பெரிய புனலுக்கு 200 சதுர சென்டிமீட்டர், அதாவது 16 சென்டிமீட்டர் குறுக்களவு. ஒரு சின்ன டிபன் தட்டு அகலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவான 95 சென்டிமீட்டர் மழையை அந்தத் தட்டளவு வாயில் பிடித்தால் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? ஏறக்குறைய 19 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் ஒன்று நிறையும். இதைக் கணக்குப் போட்டுவிட்டு அந்தக் கேனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழை விழுந்தது பெரும்பாலும் டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பதிவேட்டில் 18ஆம் தேதி. காரணம் காலை 8.30. முந்தின நாள் 8.30 முதல் இன்றைக்கு 8.30 வரை பெய்தது எல்லாம் இன்றைய தேதியில் எழுதப்படும். ஏன் 8 இல்லை, 9 இல்லை? உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், ஒரே நேரத்தில் அளக்கின்றன. கிரீன்விச் கணக்கில் அதிகாலை 3 மணி என்பது நமக்கு 8.30. மொட்டை மாடியில் மூடியோடு நான் குனியும் அதே நிமிடத்தில் காரைக்காலிலும் கொழும்பிலும் பாங்காக்கிலும் யாரோ கருவியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு நினைப்புக்காகவே நான் தாமதமாக எழுந்ததில்லை.

இப்படிக் குனிந்தவர்களை ஒரு படையாகத் திரட்டியவர் லண்டன்காரர் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். 1860ஆம் ஆண்டு மழைக்கு அவருக்குக் கிடைத்தவை 168 இடங்களின் கணக்குகள். 1900இல் அவர் இறந்தபோது அளவு அனுப்புகிறவர்கள் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத ஆர்வலர்கள். நம் ஊர்களில் நெடுங்காலம் மழை அளந்த மழைமானிக்கும் அவர் பெயர்தான். இன்று பிரதீப் ஜான் வேறொரு வேலை பார்த்துக்கொண்டே தமிழ்நாடு வெதர்மேனாகவும் எழுதுகிறார் என்றால், அந்த வரிசை நீளமானது.

என் அப்பத்தாவுக்கு மில்லிமீட்டர் தெரியாது. முற்றத்தில் கிடந்த ஆட்டுரலின் குழியை விடிந்ததும் பார்ப்பாள். பிறகு கொல்லைக்குப் போய்க் குச்சியால் மண்ணைக் கிளறுவாள். "உரலு நெறைஞ்சு என்னடா, உழவு மழை இல்லை" என்று ஒரு நாள் சொன்னது நினைவிருக்கிறது. எங்கள் செம்மண் எவ்வளவு குடித்தது என்பதுதான் அவளுக்கு வேண்டிய அளவு. சீறிப் பெய்து ஓடிப்போன மழை உரலை நிரப்பும், மண்ணுக்குள் இறங்காது. இரண்டையும் பார்த்தவள் அவள். நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன். இந்த ஐப்பசியிலிருந்து குச்சியும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

செவ்வாய்க்கிழமைத் தூறலுக்கு வருகிறேன். அன்று 8.30க்கு மூடியில் ஊற்றியபோது ஒரு முழு மூடியும் அடுத்ததில் 4 மில்லி அளவும் இருந்தது. 1.4 மில்லிமீட்டர். வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டர் இருந்தால்தான் அது மழை நாள். ரேடாரில் இல்லை, மழை நாள் எண்ணிக்கையிலும் இல்லை. ஆனால் நாற்றங்காலில் இருந்தது, அண்ணன் துண்டில் இருந்தது. மாவட்ட மழைப் பட்டியலில் எங்கள் வட்டத்துக்குப் பொன்னமராவதி, காரையூர் என்று இரண்டு வரிதான் வரும். நடுவில் கிடக்கும் ஊர்களில் எத்தனை தூறல் எழுதப்படாமல் காய்ந்துபோகிறது என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

குளிருக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஒரு நுனியை மட்டும் காட்டிவிடுகிறேன். மார்கழிக் குளிர் தெளிந்த வானத்துக் குளிர். இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுவதால் வருவது. கார்த்திகைக் குளிர் அதற்கு நேர் எதிர். கடலில் ஒரு தாழ்வு நிற்கும், மேகம் வெயிலை மறைக்கும், அதன் இழுப்பில் வாடை உள்ளே வரும். பகல் இரண்டு மணிக்கும் தோளில் துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்றும், மார்கழி, தைக்கு முன்பனி என்றும் வேறு வேறு பெயர் வைத்தது ஏன் என்று அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நக்கீரரின் நெடுநல்வாடையும் உள்ளே வரும்.

கடைக்கார அண்ணன் புதன்கிழமையே ஒரு புனல் வாங்கிவிட்டார். வாய் 12 சென்டிமீட்டர். "பரவாயில்லையா தம்பி?" என்றார். பரப்பு 113 வருகிறது, ஒரு மில்லிமீட்டருக்கு 11.3 மில்லி, அவர் கல்லாவுக்கு மேலே சாக்பீஸில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். அவர் கடைக்கும் என் மாடிக்கும் 2 கிலோமீட்டர். சனிக்கிழமை காலை 8.30க்கு இருவரும் முதல் தடவையாகச் சேர்ந்து அளக்கிறோம்.