ஊசி போட்டது யாரு?

மசினகுடியில் இருக்கும் என் சகலைக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே இந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையாகிவிட்ட சீனியர் அவர். இரண்டாவது, லட்சுமி. லட்சுமி அவர் மனைவி இல்லை, பசு மாடு. (மனைவியைப் பற்றி அவர் இவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை!)

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்னூரில் போர்வைக்குள் சுருண்டிருந்தவனை போன் எழுப்பியது.

"சகலை... லட்சுமி பாறையில சறுக்கி விழுந்துட்டா. முன்னங்கால் வீங்கிக் கிடக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்!"

நான் பி.காம். பற்று, வரவு, இருப்பு தெரியும். மாட்டுக் காலில் எனக்கு என்ன தெரியும்? சொல்லிப் பார்த்தேன். "அக்கா அழறா. கிளம்புங்க" என்று வீட்டம்மா உத்தரவு போட்டாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஊட்டி போய் கல்லட்டி இறங்கினோம். மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைக்கு ஊசி சமாசாரம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் 'டாக்டர் அண்ணன்' வந்து, ஊசி போட்டு, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜிப் பை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், ஒரு டி.வி.எஸ். வண்டி. இருபது வருஷமாக அந்தப் பக்கத்து மாடுகளுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். என்ன படித்திருக்கிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மாடுகளும் கேட்டதில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். செலவு என்று சொன்னால் பில் தேடுவேன். பில் இல்லை. வைக்கோல் ஓரத்தில் 5 குட்டி பாட்டில்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் 3 மில்லி. எடுத்துப் படித்தேன். டைக்ளோஃபினாக்! நம் ஆபீஸ் நாற்காலி பரிசாகத் தந்த இடுப்பு வலிக்கு நான் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. கால்நடைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

"என்ன சகலை இது? மனுஷ மருந்தை மாட்டுக்குப் போட்டிருக்காரு?"

"அதனால என்ன? மனுஷ மருந்துன்னா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமில்ல!"

1962-க்கு போன் போட்டேன். 108 நமக்கு என்றால், 1962 கால்நடைகளுக்கு.

* * *

மறுநாள் காலை கால்நடை ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கியவர் சின்ன வயசு டாக்டரம்மா. லட்சுமியின் காலைத் தடவிப் பார்த்தார். "எலும்பு முறியலை. சுளுக்குதான். பொழைச்சுக்குவா" என்றார். சகலைக்கு மூச்சு வந்தது.

நான் 5 பாட்டில்களையும் நீட்டினேன். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது.

"இதைப் போட்டது யாரு?"

சகலை என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் லட்சுமியைப் பார்த்தாள். லட்சுமி மட்டும் நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"மாட்டுக்கு இதனால பெரிசா ஒண்ணும் ஆகாது சார். ஆனா நேத்து ராத்திரி இது செத்துப் போயி, நீங்க காட்டோரத்துல கொண்டுபோய்ப் போட்டிருந்தீங்கன்னா..." என்றவர் மாயாறு பக்கம் கையைக் காட்டினார். "அங்கே இருக்கற கழுகுகள் சாப்பிட்டிருக்கும். நாலஞ்சு நாள்ல அதுங்க கதை முடிஞ்சிருக்கும்."

அவர் சொன்னது பிணந்தின்னிக் கழுகுகளை. பாறு என்பது அதன் நல்ல தமிழ்ப் பெயர். தமிழ்நாட்டில் அவை கூடு கட்டி மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம், முதுமலையை ஒட்டிய சீகூர், மாயாறு பகுதிதான். டைக்ளோஃபினாக் போட்ட மாட்டின் இறைச்சியைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உடம்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியில் 2004-ல் இந்த உண்மை வெளியே வந்தது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99-க்கு மேல் போய்ச் சேர்ந்தாயிற்று. இத்தனைக்கும் 100 மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே போதும், இனமே அழிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

2006-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கு விற்ற பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார்கள். 2015-ல் அதற்கும் தடை. மனிதர்களுக்கான ஊசி மருந்து ஒரு வேளைக்கான 3 மில்லி பாட்டிலில்தான் வரவேண்டும் என்றார்கள். சட்டம் போட்டவர்கள் நினைத்தது, இத்தனை குட்டி பாட்டிலை யார் மெனக்கெட்டு உடைப்பார்கள் என்று. நம்ம டாக்டர் அண்ணனுக்குப் பொறுமை ஜாஸ்தி. அஞ்சு உடைத்திருக்கிறார்!

சரி, பறவைதானே போனால் போகட்டும் என்கிறீர்களா? நம் படிப்பின்படி பேரேட்டைத் திறந்து பார்ப்போம். பாறு இல்லை என்றால் சடலம் அழுகும். அழுகினால் தெருநாய் பெருகும். நாய் பெருகினால் வெறிநாய்க் கடி பெருகும், தண்ணீரும் கெடும். 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் பாறு அழிவால் இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2024-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஒரு ஊசியின் பற்று எங்கே போய் விழுகிறது பாருங்கள்!

* * *

மாட்டுக்கு யார் வைத்தியம் பார்க்கலாம் என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1984-ல் வந்த இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். பட்டம் வாங்கி, பதிவும் செய்தவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். டிப்ளமோ, சான்றிதழ் உள்ள உதவியாளர்கள், மாநில அரசு அனுமதித்தால், டாக்டரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டு போன்ற சின்ன வேலைகளைச் செய்யலாம். டாக்டர் அண்ணன் இரண்டு பட்டியலிலும் கிடையாது. அவர் படிப்பு எட்டாம் வகுப்பு.

"போலி டாக்டரைப் பிடிச்சு உள்ளே போட்டா சரியாயிடும், இல்லையா மேடம்?" என்றேன் வீராவேசமாக.

டாக்டரம்மா சிரித்தார். "நான் படிச்சு முடிச்சப்ப அசிக்ளோஃபினாக் ஊசிக்குத் தடை கிடையாது சார். மாட்டு உடம்புக்குள்ள போனதும் அதுவும் டைக்ளோஃபினாக்கா மாறிடும். 2023-லதான் அதையும் கீட்டோபுரொஃபெனையும் தடை பண்ணினாங்க. ஒரு பயிற்சி வகுப்புல போய் உட்கார்ந்ததால எனக்குத் தெரிஞ்சுது. போகாம இருந்திருந்தா, பட்டம் வாங்கின நானே லட்சுமிக்கு அதைப் போட்டிருப்பேன்!" அன்று அவர் போட்டது மெலாக்சிகாம். பாறுவுக்குப் பாதகமில்லாத மருந்து.

எனக்குச் சுருக்கென்றது. போலிக்குப் படிப்பே இல்லை, சரி. அசலுக்கும் படிப்பு பழசாகிவிடும் போலிருக்கிறதே!

கால்நடை டாக்டர்கள் 5 வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் 'இத்தனை மணி நேரம் புதுசாகப் படித்திருந்தால்தான் புதுப்பிப்போம்' என்று அந்த 1984 சட்டத்தில் ஒரு வரி கிடையாது. பயிற்சி வகுப்புகள் நடக்கத்தான் செய்கின்றன. கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது, கவுன்சில்கள் நடத்துகின்றன. ஆர்வமுள்ளவர் போகிறார். பிரிட்டனில் ஆர்வத்தை நம்புவதில்லை. வருஷத்துக்கு 35 மணி நேரம் படித்தே ஆகவேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2 வருஷத்துக்கு 36 மணி நேரம்.

இதே முதுமலையில் வேலை பார்த்தவர்தான் யானை டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் கதையில் வருபவர். காட்டில் செத்துக் கிடக்கும் யானையை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று கற்றுக்கொண்டே இருந்தவர். 2002-ல் மறைந்தார். அவரை யாரும் மணிக் கணக்கு கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் கிருஷ்ணமூர்த்தி ஆகிவிட முடியுமா? விதி என்பது நம்மைப் போன்ற சராசரிகளுக்குத்தானே சார்!

எங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தையே பாருங்கள். 1907-ல் ஆரம்பித்தது. வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய இடம். தயாரிப்பு முறை புதிய தரத்துக்கு ஏற்ப இல்லை என்று 2008-ல் அதன் உற்பத்தி லைசென்ஸையே நிறுத்தி வைத்தார்கள். திரும்பக் கிடைக்க 2010 ஆயிற்று. நூறு வருஷப் பெருமைகூட லைசென்ஸைக் காப்பாற்றவில்லை.

* * *

சாயங்காலம் டாக்டர் அண்ணனே லட்சுமியை விசாரிக்க வந்தார். சகலை விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இதெல்லாம் யாரு சார் சொன்னாங்க? ராத்திரி பதினோரு மணிக்கு, யானை நிக்கற ரோட்டுல எந்த டாக்டர் வருவாங்க? நான் வருவேன். வந்திருக்கேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சகலைதான், டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சீட்டை அவரிடம் நீட்டினார். அதில் ஒரு போன் நம்பர். 'எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். ஊசி மட்டும் போடாதீர்கள்' என்று கீழே ஒரு வரி. டாக்டர் அண்ணன் இரண்டு தடவை படித்துவிட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது லட்சுமி நன்றாக நடக்கிறாள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கழிச்சல் வந்தபோது டாக்டர் அண்ணன் பையைத் திறக்காமல் போனை எடுத்தார் என்று சகலை சொன்னார். 500 ரூபாய் வருமானம் போச்சு. அதை அவருக்கு எந்தச் சட்டம் ஈடு கட்டும் என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி குன்னூர் திரும்பும்போது வண்டியில் உட்கார்ந்து விதிமுறை, புதுப்பித்தல் என்று நான் முழங்கிக்கொண்டே வந்தேன். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டாள்.

"நீங்க பி.காம். படிச்சப்ப ஜி.எஸ்.டி. இருந்துச்சா?"

"இல்லை. அது 2017-ல வந்தது."

"அப்புறம் எப்ப படிச்சீங்க?"

அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டதால், நான் ரோட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன்.