‘பங்கு’ என்னும் சொல்லும் வடக்கன்குளத்துச் சுவரும்

சிவகங்கைச் சீமையிலும் பிறவிடங்களிலும் கத்தோலிக்கர் ஓர் ஆலயத்தைச் சார்ந்த மக்கட் கூட்டத்தைப் ‘பங்கு’ என்பர். கூறுபடுதல், கூடிப் பெறுதல் என்னும் இருபொருளும் இச்சொற்கு உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் முன்னதே மேலோங்கிற்று. 1872இல் அங்கு எழுந்த திருக்குடும்ப ஆலயம் ஒரே பீடமும், அதனின்று கவைபோற் பிரியும் இரு கூடங்களும் கொண்டது. ஒன்றில் வேளாளரும் மற்றொன்றில் நாடார் முதலானோரும் அமர, இடையே சுவர் நின்றது. ஒரே பீடத்தில் பிட்ட அப்பத்தையே இருசாராரும் உண்டனர் என்பது நினைக்கத்தக்கது. பூசலைத் தணிக்கக் கண்ட இவ்வழி பூசலுக்கே நிலைபேறு தந்தது என்பது எம் கருத்து. 1910இல் சுவர் இடிக்கப்பெற்றது. வேளாளர் வழக்காடினர், ஆலயத்தினுள் சாதிபற்றிய தனியிட உரிமை இல்லையெனச் சென்னை உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று.