நாற்பதாயிரமும் பத்தாயிரமும்

ஓர் அபேட்சகரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு கூட்டம் எழுந்து நின்று ஆரவாரிக்கிறது. அதே பெயரைக் கேட்டு மற்றொரு கூட்டம் கதவைச் சாத்திக்கொள்கிறது. இத்தகையவர் வெல்வாரா, தோற்பாரா என்ற விவாதம், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் நாட்டுத் திண்ணைகள் வரையில் வந்து சேர்ந்துவிடுகிறது. 2016ஆம் வருஷம் 46 சதவிகித வாக்குப் பெற்றவர் 48 சதவிகிதம் பெற்றவரை வென்ற விசித்திரம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த விவாதத்தை ஒட்டி ஒரு கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் பணித்தபோது, வாஷிங்டனைப் பற்றி எழுதத் தகுதியுள்ளோர் என்னைவிடப் பலர் இருக்க, நான் எதற்கு என்று எண்ணி, கோவையில் பஸ் ஏறி வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டில் இறங்கினேன்.

வந்தது வீண்போகவில்லை. பாலக்காட்டுச் சட்டசபைத் தொகுதியின் மூன்று தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஓர் இரசாயனச் சாலையில் வேண்டுமென்றே செய்து பார்த்த பரிசோதனை போல அவை தோன்றுகின்றன. 2016இல் அங்கே இரண்டாம் இடத்துக்கு வந்த பாரதீய ஜனதா கட்சி பெற்றது 40,076 வாக்கு. 2021இல் அதே கட்சியின் சின்னத்தில் நின்றவர் பெற்றது 50,220. 2024 நவம்பர் மாத இடைத்தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தது 39,549. எட்டு வருஷ காலத்தில் தேசத்தின் அரசியலில் எத்தனையோ புரட்டல்கள் நிகழ்ந்திருக்க, இந்த ஊரில் மட்டும் அந்த நாற்பதாயிரம் ஆற்று நடுவிலுள்ள பாறையைப் போல அசையாமல் கிடந்தது. நடுவில் ஒரு முறை பத்தாயிரம் அதன்மேல் வந்து ஏறியது, பிறகு வடிந்துவிட்டது.

அந்தப் பத்தாயிரத்தைக் கொண்டு வந்தவர் ஈ. ஸ்ரீதரன். டெல்லி மெட்ரோவும் கொங்கண் ரயிலும் அவருடைய கீர்த்திக்குப் போதுமென்றாலும், தமிழர்களுக்கு அவரிடம் வேறொரு பாத்தியதையும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் நிமிர்த்தி ரயிலை ஓடவிட்ட இளைஞர் அவரே. பாலக்காடு ஜில்லாவில் பிறந்து, எண்பத்தெட்டாம் பிராயத்தில் தம் சொந்த மண்ணில் வாக்குக் கேட்க வந்த அந்தப் பெரியவரை, கட்சியை விரும்பாதவர்களும் எழுந்து வரவேற்றார்கள் என்பதற்கு மேற்சொன்ன எண்களைவிட வேறு சாட்சி வேண்டாம். காங்கிரஸ் பெற்ற வாக்கு முந்தைய தேர்தலைவிட 3,480 குறைந்தது. இடதுசாரிகளுடையது 2,242 குறைந்தது. அவ்வளவு குறைந்தும் ஸ்ரீதரன் 3,859 வாக்கில் தோற்றார்.

அடித்தளம் உறுதியாயிற்று, அதற்குமேல் பரந்த மதிப்புள்ள மனிதரும் கிடைத்தார், இரண்டும் சேர்ந்தும் கரையேறவில்லை. ஏனென்றால், ஆரவாரம் மிகுந்த ஓர் அடித்தளம் தன் பக்கம் ஆட்களைச் சேர்ப்பதைப் போலவே, எதிர்ப்பக்கத்திலும் ஓசையின்றி ஆட்களைச் சேர்க்கிறது. இம்முறை அவர்கள் வந்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்ற அச்சம் பிறந்தவுடன், அதுவரையில் வேறு சின்னத்துக்கு வாக்களித்து வந்தவர்களிலே சிலர், வீட்டில்கூடச் சொல்லாமல், வெல்லக்கூடிய மற்றொருவருக்குத் தம் வாக்கை மாற்றிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வாக்காளர் தொகை, இடைத்தேர்தலின் சூழ்நிலை, வேட்பாளர் தேர்வு ஆகியவற்றால்தான் எண்கள் இப்படி அமைந்தன என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் கணக்கையும் தவறென்று தள்ளிவிட முடியாது.

எல்லையை ஒட்டிச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால் அரசியலின் பொருள் மதத்திலிருந்து நீருக்கு மாறிவிடுகிறது. வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய பஞ்சாயத்துகளில் வீட்டுப் பேச்சு தமிழ். நிலமோ மழை மறைவில் காய்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு வர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் அளந்து பெறப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் தண்ணீரைக் கேரளத்தின் பிரஜைகளாய் எதிர்பார்த்து நிற்கும் தமிழ் விவசாயிகள் இவர்கள். ஆழியாற்றுக்கு இப்பாலும் அப்பாலும் நின்று கர்ஜிக்கும் பிரசங்கிகளுக்கு இவர்கள் எந்தக் கணக்கிலும் அகப்படுவதில்லை. இவர்களுடைய கதை தனிக் கட்டுரைக்குரியது. இங்கே தங்க இடமில்லை.

மலைக்குப் போவோம்.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை என்ற பெயர்களைச் சொன்னால், மாநில எல்லைகள் வரையப்பட்ட 1956 நவம்பர் முதல் தேதி தமிழர் மனத்தில் எழுவது இயல்பு. அந்தப் பழைய வழக்கை இங்கே மீண்டும் வாதிக்கப் போவதில்லை. ஆயினும், இந்த மலைகளின் தேர்தல்கள் அடித்தளத்தையும் பரப்பையும் பற்றி ஒரு பாடசாலையே நடத்துகின்றன. முதலில் 2015. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் செப்டம்பர் மாதம், ஆண்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, 20 சதவிகித போனசுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தமிழும் மலையாளமும் கலந்து தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட அவர்கள் போனஸ் கோரிக்கையில் வென்றார்கள்; நாளொன்றுக்கு 232 ரூபாயாக இருந்த கூலி அதன்பின் 301 ஆயிற்று. அந்த வருஷக் கடைசியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களிலும் வென்றார்கள். தேசமெங்கும் பத்திரிகைகள் அவர்களைக் கொண்டாடின. அடுத்த வருஷம் சட்டசபைத் தேர்தலுக்கு நின்றபோதோ அவர்களுக்கு விழுந்தது சொற்பத்திலும் சொற்பம். சாலையில் தோளோடு தோள் உட்கார்ந்த கூட்டம், வாக்குச்சாவடியின் மறைவுக்குள் தனித்தனியே போனவுடன், தோட்டத்து லயத்து வீட்டுக்கும் வருஷக் கணக்கில் கட்டிய தொழிற்சங்கச் சந்தாவுக்கும் கட்டுப்பட்ட பழைய கூட்டமாகக் கலைந்துவிட்டது.

அதே 2016 தேர்தலில் தேவிகுளத்தில் இன்னொரு பரீட்சையும் நடந்தது. அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் இரட்டை இலையோடு மலையேறி, 11,613 வாக்குப் பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். தமிழ்ப் பாட்டு ஒலித்தது. சின்னத்தை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வென்ற மார்க்ஸிஸ்ட் அபேட்சகருக்கும் தோற்ற காங்கிரஸ் அபேட்சகருக்கும் இடையில் இருந்த வித்தியாசமோ 5,782. மூன்றாவதாக வந்தவரின் வாக்கு வெற்றி வித்தியாசத்தைப் போல இரு மடங்கு! முடிவை நிர்ணயிக்க வல்லது, ஆனால் தான் முடிவாக முடியாதது, பாஷையை மட்டும் அடித்தளமாகக் கொண்ட அரசியல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் அறியேன். அங்கே முன்னணியில் நின்ற இரண்டு கட்சிகளின் அபேட்சகர்களும் தமிழர்களாயிருக்கும்போது, தமிழன் என்ற ஒன்றை மட்டும் சொல்லி எவ்வளவு தூரம் போக முடியும்?

அப்படிச் சொல்வதில் ஆபத்தும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி இரு மாநிலத்திலும் பேச்சு வெந்நீராய்க் கொதித்தபோது, பேசியவர்களில் யாருக்கும் ஒரு சுடுசொட்டுக்கூடத் தெறிக்கவில்லை. குமுளியில் கடையடைத்தவனும், ஏலத் தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கியோடிய கூலியாளுமே வெந்தார்கள். விடிகாலையில் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலக்காய் எடுக்க மேலே வரும் பெண்கள் ஒரு மாநிலத்தில் வாக்குள்ளவர்கள். இன்னொரு மாநிலத்தில் கூலியுள்ளவர்கள். இரண்டு பட்டியலிலும் சிலருக்குப் பெயர் இருப்பதாகத் தேர்தலுக்குத் தேர்தல் எழும் புகாரைக் கேட்கும்போது, வாழ்க்கையே இரண்டு பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறதே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எல்லைக்கு வெகுதூரத்தில் இருப்பவனுக்குப் பிளவு ஓர் உற்சாகம். எல்லையில் இருப்பவனுக்கு அது ஒரு நாள் கூலி நஷ்டம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இதே மலையில் இருக்கிறது. 1957 பொதுத்தேர்தலில் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபை மெலிந்த பெரும்பான்மையில் நடந்துகொண்டிருந்த காலம். கட்சியின் பெயரே பலருக்குப் பீதியூட்டிய காலமுங்கூட. அபேட்சகரோ காஞ்சிரப்பள்ளியைச் சேர்ந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி. வாக்காளர்களில் பெருந்தொகையினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். அந்த இடைவெளியை நிரப்பியது மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து ஏறி வந்த பாவலர் வரதராஜனின் பாட்டு. தமிழ்நாட்டுச் சினிமா மெட்டையும் நாட்டு மெட்டையும் எடுத்து, தேயிலைக்காரனின் கஷ்டத்தை அவன் பேச்சிலேயே அமைத்து அவர் பாட, ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் வென்றார். பாவலருடைய தம்பி பிற்காலத்தில் இளையராஜாவாய்ப் பெற்ற புகழை நாம் அறிவோம். அண்ணன் ஒரு தேர்தலையே பாடி வென்றதை அவ்வளவாக நினைப்பதில்லை. அடித்தளத்தைக் கைவிடாமல், அதற்கு அப்பாலுள்ளவர்களின் பாஷையில் போய்ப் பேசுவது என்ற வித்தையை நான் வேறெங்கும் இவ்வளவு பூரணமாகக் கண்டதில்லை.

கடல் கடந்தும் ஒரு பார்வை. தேயிலை மலையில் தமிழர் வாழும் மற்றொரு நாடாகிய இலங்கையில், 2015இல் பதவியிலிருந்த ஜனாதிபதி 47.58 சதவிகிதம் பெற்றும் தோற்றார். சிங்களத் தெற்கின் அடித்தளத்தில் பெரும்பகுதி அவரோடு நிற்க, வடக்கும் கிழக்கும் மலையகமும் எதிரே திரும்பின. 2019இல் வெறும் 3.16 சதவிகிதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க, 2024இல் முதற் கணக்கில் 42.31 சதவிகிதம் பெற்றார். பாதியை எவரும் தாண்டாததால், அந்நாட்டு வரலாற்றில் முதன் முறையாக வாக்குச்சீட்டிலுள்ள இரண்டாம், மூன்றாம் விருப்பங்களையும் எண்ணி அவரை ஜனாதிபதியென்று அறிவித்தார்கள். முதல் விருப்பமாக இல்லாவிட்டாலும் இரண்டாம் விருப்பமாகவாவது ஏற்கத்தக்கவராயிரு என்று அபேட்சகருக்குச் சட்டமே புத்தி சொல்லும் முறை அது. நம் நாட்டு முறையில் இரண்டாம் விருப்பத்துக்கு இடமில்லை. பாலக்காட்டில் அது இருந்திருந்தால் 2021இன் முடிவு எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே குமுளிப் பாதையில் பாதித் தூரம் போய்விட்டேன்.

ஆனால் மலையிலிருந்து நான் கொண்டுவந்த கவலை இதுவன்று. ஆசிரியர் கேட்ட விஷயத்துக்கு இது சற்று வெளியே போவதாக வாசகர்கள் கருதினால் மன்னிக்க வேண்டும்.

1958இல் பாவலருடைய பாட்டு வென்றதென்றால், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் காதுகள் இருந்தன. மறுநாள் துண்டுப் பிரசுரத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கண்களும் இருந்தன. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி அளிக்க வேண்டுமென்று சொல்லும் 350 ஏ பிரிவு, 1956இல், இந்த எல்லைகளை வரைந்த அதே வருஷத்தில், அரசியல் சாசனத்தில் ஏறியது. தமிழிலும் கன்னடத்திலும் சர்க்காருக்கு எழுத அந்தச் சிறுபான்மையினருக்குக் கேரளத்தின் 1969ஆம் வருஷ ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. 2021இல் தேவிகுளம் பிரதிநிதி திருவனந்தபுரத்தில் தமிழிலேயே பிரமாணம் எடுத்தார்; வாசகத்தில் ஒரு சொல் விடுபட்டதென்று மறுபடியும் எடுக்க நேர்ந்தது. சட்டத்தில் குறையில்லை. குறை வேறெங்கோ இருக்கிறது. லயத்துத் தாய்மார் தம் குழந்தைகளை இங்கிலீஷ் பள்ளிக்கோ மலையாளப் பள்ளிக்கோ அனுப்புகிறார்கள். உத்தியோகம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறதென்று அவர்கள் நினைப்பதைக் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்தறியாத ஒரு தலைமுறை வாக்காளர் பட்டியலில் ஏறிக்கொண்டிருக்கிறது.

நாளைக்கு ஓர் அபேட்சகர், எந்தக் கட்சியானாலும் சரி, தம் நாற்பதாயிரத்துக்கு அப்பால் ஒரு பத்தாயிரத்தைத் தேடி இந்த மலைக்கு வந்தால், எந்த எழுத்தில் அவர்களிடம் பேசுவார்? மேடையில் தமிழ் பேசுவார், கைதட்டல் கிடைக்கும். அவர் போன பிறகு, பட்டா எப்போது, வீடு எப்போது என்று அவர் அச்சடித்துத் தந்த வாக்குறுதியை அடுத்த தேர்தல் வரையில் வைத்திருந்து எடுத்து வாசிக்க யார் இருப்பார்? எழுத்தில் கேட்காதவனுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எந்த அரசியல்வாதிக்கும் ஏற்படுவதில்லை.

வண்டிப்பெரியாரில் ஒரு டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எதிர்ப் பெஞ்சில் ஒரு பாட்டி, பழைய வாக்காளர் சீட்டொன்றைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்திலிருந்த பேரனிடம் நீட்டி, இதில் நம்ம வீட்டு நம்பர் என்ன போட்டிருக்கிறதென்று பார் என்றாள். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்த அந்தப் பையன் அதிலிருந்த மலையாளத்தைத் தடையின்றி வாசித்து, தெளிவான தமிழில் அவளுக்குச் சொன்னான். கடைக்காரர் எனக்கு இரண்டு பருப்பு வடையை மடித்துக் கொடுத்தார். எண்ணெய் ஊறிய அந்தத் தாள், யாரோ ஓர் அபேட்சகர் தமிழில் அச்சடித்து வழங்கிய நோட்டீசு. பையனிடம் அதைக் காட்டி, இதை வாசிப்பாயா தம்பி என்றேன். படத்திலிருந்தவரைப் பார்த்துவிட்டு, ஆளைத் தெரியும் சார் என்றான்.